கஸ்மீர் அறை ஜன்னல்

ஜன்னல் இறுகிக்கொண்டால் சுத்தியலை எடுக்காதே, பீடத்து மெழுகை எடு என்று எனக்கு முதன்முதலில் சொன்னது மிக்கேலம்மாள், கோயிலில் மணியடித்துப் பீடம் துடைக்கிற கோயில்பிள்ளையின் மனைவி. கஸ்மீர் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த கார்த்திகை அது, தூத்துக்குடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்து நாங்கள் பார்த்த முதல் மழை. பூசை முடிந்து மிஞ்சுகிற மெழுகுத் துண்டுகளை அவள் ஒரு பால்மாவு டின்னில் சேர்த்து வைத்திருந்தாள், அதில் நாலு எடுத்து என் முந்தானையில் போட்டாள். அடித்தால் மரம் பிளக்கும், தேய்த்தால் வழி விடும் என்றாள். பிளக்கும் என்றாளா, தெறிக்கும் என்றாளா, முப்பத்தொரு வருசம் ஆகிறது, இப்போது அதுவா முக்கியம். இன்றைக்கும் மெழுகைத்தான் தேய்க்கிறேன். ஹால் ஜன்னல் எட்டு மணிக்கே திறந்துவிட்டது. சமையலறை ஜன்னல் கொஞ்சம் அடம் பிடித்தது, கீலில் தையல் மிஷின் எண்ணெயை விட்டுப் பத்து நிமிசம் சும்மா இருந்தேன், திறந்தது. அந்த இரண்டையும் திறக்கவேண்டும் என்று எனக்கு ஒன்றும் ஆசையில்லை. வீட்டுச் சந்துக்குள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகக் கஸ்மீர் ஜன்னலில் ஏறி நின்றால் இவனுக்குத் தெரிந்துவிடும், தனக்காகத்தான் வந்து நிற்கிறாள் என்று. அதனால் வீட்டையே சுற்றி வந்தேன். எல்லா ஜன்னலையும் போல இதுவும் ஒரு ஜன்னல், அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, கிறிஸ்மஸ் வருகிறது, வீட்டைச் சரி பண்ணுகிறாள். அப்படி நினைத்துக்கொள்ளட்டும். உள்ளே ஃபேன் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக். டக் கேட்கிறவரைக்கும் ஃபேன் ஓடுகிறது, ஃபேன் ஓடினால் அதற்குக் கீழே படுத்திருக்கிறான், படுத்திருந்தால் நல்லதுதான், படுத்துத் தூங்கட்டும் ஆண்டவரே.

கண்ணில் படும்படி வைத்துக்கொள் என்றாள் ஜெசிந்தா. நேற்றுப் பூராவும் போனில் அதையேதான் சொன்னாள். மூத்தவள், கோயம்புத்தூரில் நர்சாக இருக்கிறாள், வியாதியைப் பற்றி அவளுக்குத் தெரியும். "நாளைக்குக் காலைல ரயில்ல வந்துருவேன்மா. டாக்டர்ட்ட பேசிட்டேன். அதுவரைக்கும் அவனத் தனியா விட்றாத. கதவ உடைக்கேன்னு அப்பா கெளம்பிறப் போறாங்க, அத மட்டும் செய்ய வேண்டாம்னு சொல்லு, பயந்துருவான்." அப்படியென்றால் எப்படிம்மா பார்க்க என்று கேட்டேன். பிறகு, ஜன்னல் இருக்குல்லா என்றாள். ஜன்னல் இருக்கிறது. இரண்டு மரக்கதவு, வெளிப்பக்கமாகத் திறக்கும், உள்ளே கம்பி. ஆறு வாரமாக அது மூடியே கிடக்கிறது. புரட்டாசியில் கப்பலைவிட்டு வந்து இறங்கியவன் பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. சோறு கொண்டு வைத்தால் தட்டை எடுக்கக் கதவைத் திறப்பான், பாதி சாப்பிட்டதை வெளியே வைப்பான். கப்பலில் இவனோடு ஒரே அறையில் இருந்தவன் ஒடிசாக்காரன், பெயர் பிரதீப் என்றோ பிரமோத் என்றோ ஜெசிந்தா சொன்னாள், எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை, ஜெபத்தில் இரண்டு பெயரையும் சொல்லிவிடுகிறேன், யார் என்று ஆண்டவருக்குத் தெரியும். ஒரு நாள் விடியற்காலையில் அவன் இவனை எழுப்பியிருக்கிறான், மேலே டீ குடிக்க வாறியா என்று. இவன் வேலை முடிந்து அப்போதுதான் படுத்தவன். கதவைச் சாத்திட்டுப் போ என்றிருக்கிறான். அவன் சாத்திவிட்டுப் போயிருக்கிறான். காலையில் தலை எண்ணும்போது ஒரு ஆள் குறைந்தது. இரண்டு நாள் கப்பலைத் திருப்பிக் கடலில் தேடினார்களாம், கிடைக்கவில்லை. மெல்லச் சாத்திட்டுப் போனான்மா, சத்தம் வராம, எங்கிட்ட போன்ல அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்றான் என்றாள் ஜெசிந்தா. என்னிடம் இவன் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் சொல்ல நான் என்ன கேட்டேன், சாப்பிட்டியா என்று கேட்டேன். ஆறு வாரமாக அது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன்.

மெழுகு போதாது. அடியிலும் நடுவிலும் ஓரத்தில் தேய்த்தாகிவிட்டது, கதவு அசையவில்லை, மேலேதான் எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. மேல் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் பெயின்ட் ஒரே தோலாக மூடியிருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் இவன் அப்பா பெயின்ட் அடிப்பார், சுரண்டாமல் பழசின் மேலேயே அடிப்பார், பச்சைக்கு மேல் பச்சை. மீன் வெட்டுகிற சின்னக் கத்தியால் கீறிக்கொண்டே போகிறேன். மெதுவாகத்தான். கத்தி வழுக்கினால் ஒரு சத்தம் வருகிறது, கீச்சென்று, அந்தச் சத்தத்தில் உள்ளே புரண்டு படுக்கிறானா என்று கேட்கிறேன். போன வாரம் இவன் குளிக்கப் போன நேரத்தில் நான் உள்ளே போனேன். அதுதான் தப்பு. கட்டில் விரிப்பைத் தட்டிவிட்டு ஜன்னல் கொண்டியை எடுத்துவிட்டுத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு கையால் தள்ளினேன், அசையவில்லை, திரும்பினால் ஈரத்தலையோடு வாசலில் நிற்கிறான். என்னத்த தேடுத என்று கேட்டான். அழுக்குத் துணி எடுக்க வந்தேன் என்றேன். பொய். நான் வெளியே வந்தேன், உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கு முன்னால் தாழ்ப்பாள் கிடையாது. சும்மா சாத்தித்தான் இருக்கும். நான் போனதால்தான் போட்டான். ஜன்னலைத் திறக்கப் போய்க் கதவை அடைத்துவிட்டேன். அன்றைக்கு என்னத்த தேடுத என்று கேட்டபோது, உன்னைத்தான் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் பிறகுதான் தோன்றும். சமையலறையில் உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது தோன்றும். அந்த நேரத்தில் வாயில் வருவது அழுக்குத் துணி.

முந்தாநாள் அப்பாவைக் கூப்பிட்டு வாட்சைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான். சிங்கப்பூரில் ஆசைப்பட்டு வாங்கினது, தண்ணீருக்குள் போனாலும் ஓடும் என்று வாங்கி வந்த அன்றைக்கு வாளியில் முக்கிக் காட்டினான். எனக்கு எதுக்குப்பா, நீங்க கட்டுங்க என்றானாம். இவருக்கு ஒரே சந்தோசம். "பாத்தியாட்டி, நான் சொன்னேன்லா, பைய தெளிஞ்சு வாறான், அப்பன் நெனப்பு வந்துட்டு" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று தெரியாது. எட்டாவதுவரை படித்தவள், எனக்கு என்ன தெரியும். ஆனால் ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்கினதைக் கொடுக்கிறபோது முகத்தில் கொஞ்சமாவது கொடுக்கிற சந்தோசம் வேண்டும். அது இருந்ததா என்று இவரிடம் கேட்டேன். "மொகத்த எவன் பாத்தான், வாட்சப் பாத்தேன்" என்றார். நல்ல மனுசன்தான். இன்றைக்குச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார், அந்த வாட்சோடுதான். போகும்போது, முக்காலில ஏறி விழுந்து வச்சிராத, ஆசாரியக் கூட்டிட்டு வாரேன், ரெண்டு தட்டுல தொறந்துருவான் என்றார். வேண்டாம் என்றேன். ஊரான் ஒருத்தன் வந்து இந்த ஜன்னலில் மட் மட்டென்று அடிப்பதை நினைத்தாலே எனக்குத் தாங்காது. உள்ளே கிடக்கிறவனுக்கு எப்படி இருக்கும். செபமாலையில் ஒரு பத்து மணியாவது சொன்னேனா, சொல்லவில்லையா. செபமாலையை முழங்கையில் மாட்டிக்கொண்டு மணிக்குப் பதிலாகக் கத்திக் கீறலை எண்ணிக்கொண்டு வந்தேன், ஏழோடு விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து.

"என்னக்கா, சொந்த வீட்டுக்கே கன்னம் வைக்கியளா?" தெர்சம்மா. அடுத்த வீடு, மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்திருக்கிறாள். "கத்திய வேற வச்சிக்கிட்டு நிக்கிய. போலீசக் கூப்பிடட்டா?" கூப்பிடு, அவனாவது வந்து திறந்து தரட்டும் என்றேன். சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டு உடனே பயந்தேன், உள்ளே கேட்டிருக்குமோ, தன்னை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வானோ. தெர்சம்மா குரலைத் தாழ்த்தினாள். "தம்பி எப்டி இருக்கான்க்கா? வெளியவே காணோம். பொண்ணு கிண்ணு பாக்கலாம்லா, எல்லாம் சரியாப் போவும்." ஆமா, பாக்கணும் என்றேன். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறாள். ஆறு வாரமாகப் பார்க்கிற எல்லாருக்கும் ஆமா பாக்கணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பங்குச்சாமியாரிடம்கூட உடம்புக்குச் சரியில்லை என்றுதான் சொன்னேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். காய்ச்சல் என்றேன். ஆறு வாரக் காய்ச்சலா என்று அவர் கேட்கவில்லை, என் தலையில் கை வைத்தார், அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். "மேலதான்க்கா புடிச்சிருக்கு" என்றாள் தெர்சம்மா, "அங்க பாருங்க, மேல மட்டும் உப்பிக்கிட்டு நிக்கி. மழைத் தண்ணி குடிச்சிருக்கும்." மழைத் தண்ணிதான் என்றேன். அவள் கடைசிச் சட்டையையும் உதறிப் போட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டக் நின்றுவிட்டது. கத்தி பாதியில் நிற்கிறது. டக் கேட்கவில்லை. ஃபேன் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை, அவன் நிறுத்தினானா, எழுந்து நிறுத்தினானா, எதற்கு நிறுத்தவேண்டும், மழை விட்டுப் புழுங்குகிற நேரத்தில் எவன் ஃபேனை நிறுத்துவான். இல்லை இல்லை, தெர்சம்மா வீட்டு டிவிச் சத்தமும் இல்லை. கரண்ட் போயிருக்கிறது. கரண்ட்தான். பதினொரு மணிக்குக் கரண்ட் போகிற ஊர்தானே இது. இதுவரைக்கும் அந்த ஃபேன் ஒரு போர்வையாக இருந்திருக்கிறது எனக்கு. இப்போது உள்ளே என்ன சத்தம் வரவேண்டுமோ அதுதான் வரும். காதை மரத்தில் வைக்கிறேன். ஈர மரத்தின் வாசனை, எண்ணெய் வாசனை, என் காதுக்குள் என் ரத்தமே ஓடுகிற சத்தம். மூச்சுவிடுகிறவன் சத்தம் இரண்டு பலகைக்கு அப்பால் கேட்குமா. இவன் பிறந்தபோது தொட்டிலில் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன், அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம். முதல் பிள்ளைக்கே அப்படிப் பார்க்கவில்லையே என்று கேலி பண்ணுவார்கள். ஜெசிந்தா வீறிட்டு அழுகிற பிள்ளை, இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். இவன் சத்தமில்லாத பிள்ளை. பசித்தாலும் விரலைச் சூப்பிக்கொண்டு கிடப்பான். கூப்பிடலாம். கஸ்மீர் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். கொடுத்து, பதில் வராவிட்டால்? கூப்பிடாதவரைக்கும் தூங்குகிறான். மாதாவே, நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றவள், உனக்குச் சொல்லவேண்டியதில்லை, எனக்கு அவன் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கை அகலம் திறந்தால் போதும், முழு ஜன்னலும் கேட்கவில்லை. மெதுவாக என்பதெல்லாம் போயிற்று. கத்தியை மேல் சந்துக்குள் விட்டுக் குத்துகிறேன், இழுக்கிறேன், பெயின்ட் செதில் கண்ணில் விழுகிறது, துடைத்துவிட்டு மறுபடி குத்துகிறேன். கத்தி மரத்தில் படவில்லை. மெத்தென்று எதிலோ படுகிறது.

நாராக வந்தது கத்தி நுனியில். இழுத்தேன். பச்சைப் பெயின்ட் ஒட்டின, பழுத்துப் பழுப்பேறின ஓலை, மடித்துச் செய்த சிலுவை. குருத்தோலை. குருத்து ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துக் கொடுப்பது. விரலை விட்டுத் துழாவினேன். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று, நசுங்கி அட்டை மாதிரி ஆகியிருக்கிறது. நாலு, அஞ்சு. இப்போது புரிகிறது, மதிலைப் பிடித்துக்கொள்கிறேன். மற்ற அறைகளில் சிலுவையைப் படத்துக்குப் பின்னால் செருகி, அடுத்த வருசம் விபூதிப் புதனுக்கு முன்னால் பழசை எடுத்துக் கோயிலில் கொடுத்துவிடுவேன், எரித்துச் சாம்பல் பண்ணுவார்கள். இவன் கப்பலேறின வருசம் மட்டும் இவன் சிலுவையை இந்த ஜன்னலில் வைத்தேன், இதுதான் கடல் இருக்கிற திசையைப் பார்த்த ஜன்னல் என்று, மேல் சந்தில், கதவைக் கொஞ்சம் திறந்து, நன்றாக உள்ளே தள்ளி. அடுத்த வருசம் கோயிலில் கொடுக்கத் தேடினால் காணோம். காற்று கொண்டுபோயிருக்கும், மந்திரித்தது தெருவில் மிதிபட்டிருக்குமே என்று வருத்தப்பட்டுப் புதுசை இன்னும் அழுத்திச் செருகினேன். அதற்கடுத்த வருசமும் காணோம். ஒவ்வொரு வருசமும் காற்றைத் திட்டியிருக்கிறேன். காற்று ஒன்றையும் எடுக்கவில்லை. எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உள்ளேயே இறங்கியிருக்கிறது, மழைக்கு ஊறி உப்பியிருக்கிறது, அதன் மேல் அவர் பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார். ஆறு, ஏழு. மழையைச் சொன்னேன், உப்புக்காற்றைச் சொன்னேன், மரம் வாங்கின கடையைச் சொன்னேன். ஆப்பு அடித்தது நான். பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து நானே அடித்தது. எட்டு. கடைசி ஒன்று நார் நாராகத்தான் வந்தது. ஒன்பது. இவன் கடலுக்குப் போய் ஒன்பது வருசம். மடியில் போட்டுக்கொண்டேன். தப்பு என்று சொல்லுவாயா ஆண்டவரே. வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. கடலில் நடக்கிறவனை இங்கே நின்று பிடித்துக்கொள்ள எனக்கு ஓலைதான் இருந்தது.

"அம்மா."

உள்ளேயிருந்துதான். இரண்டு பலகைக்கு அப்பால், பக்கத்தில். கட்டிலில் இல்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். என்னய்யா என்றேன், சாதாரணமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அங்க என்னத்தப் பிராண்டிக்கிட்டு கெடக்க? எலின்னு நெனச்சேன்."

"எலி இல்ல, நாந்தான். ஜன்னல் எறுகிட்டுல்லா, கிறிஸ்மசுக்கு எல்லா ஜன்னலையும்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். அழுக்குத் துணி மறுபடி வாயில் வந்துவிட்டது. "இல்லய்யா. ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சு. அதுக்குத்தான்."

முக்காலி ஆடுகிறது, அதற்கு ஒரு கால் குட்டை. சொல்லியிருக்கக் கூடாதோ. போய்ப் படுத்துவிட்டானோ. ஜெசிந்தா பக்குவமாகப் பேசச் சொன்னாளே.

"அது தொறக்காது" என்றான். "நானும் தள்ளிப் பாத்துட்டேன்."

"நீயா? எப்ப?"

"நேத்து. முந்தாநாளும். மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு. தள்ளிப் பாத்தேன், வரல. அப்புறம் விட்டுட்டேன்."

ஆறு வாரமாக இவன் மூடி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் பிடிக்கவில்லை, காற்று பிடிக்கவில்லை, கடல் பிடிக்கவில்லை, நாங்கள் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்திருந்தேன். இவன் உள்ளே நின்று தள்ளியிருக்கிறான். இரண்டு நாளும் தள்ளியிருக்கிறான். நான் சமையலறையில் நின்று, சத்தம் போடாமல், பிள்ளை தூங்குகிறான் என்று பாத்திரத்தை மெல்ல வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது ஓம்மேல தப்பில்லய்யா" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் சொன்னது நன்றாக இருந்தது, அதனால் இன்னொருதரம் சொன்னேன். "ஓம்மேல ஒரு தப்பும் இல்ல. மேல குருத்தோலை அடைச்சிருக்கு. நாந்தான் வருசா வருசம் வச்சிருக்கேன். பழசு உள்ள கெடக்கது தெரியாம அது மேலயே வச்சிருக்கேன். ஒன்பது எடுத்தேன்."

"ஒன்பதா?"

"ஒன்பது."

மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்லமாட்டேன். சிரிப்புக்கு முந்தின ஏதோ. "ஒரு ஆளுக்கு ஒன்பதா?" என்றான். "கப்பல்ல எல்லாருக்கும் சேத்தா வச்ச?"

வந்த பிறகு என்னிடம் கப்பல் என்று அவன் வாயால் சொன்னது இதுதான் முதல்தடவை. சொன்ன பிறகு அவனுக்கும் அது தெரிந்திருக்கும். உள்ளே மூச்சு கேட்கிறது. கேட்கிறது, ஆமாம், இழுத்து இழுத்து வருகிறது, அழுகிறான், சத்தமில்லாமல் அழுகிற பிள்ளை இது. நான் ஆறுதல் ஒன்றும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஆறுதல் எல்லாம் சாப்பிட்டியா என்றுதான் முடியும். அக்கா நாளைக்கு வருகிறாள் என்று பிறகு சொல்லலாம், டாக்டர் என்று பிறகு சொல்லலாம். மெழுகுத் துண்டையும் கத்தியையும் மதில்மேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதவின் விளிம்பைப் பிடிக்கிறேன். வெளியே நிற்கிறவளுக்குப் பிடித்து இழுக்க நகக்கண் அளவுக்குத்தான் இடம் இருக்கிறது. இந்த ஜன்னலை வெளியே இருந்து மட்டும் திறக்க முடியாது. உள்ளேயிருந்தும் ஒரு கை வேண்டும்.

"கஸ்மீரு, அழு, அழுதுக்கோ, நான் எங்கயும் போவல, இங்கதான் நிக்கேன். அப்படியே கீழ்ப்பக்கமா ரெண்டு கையையும் வச்சு ஒரே ஒரு தள்ளு மட்டும் தள்ளுய்யா."